மாவோரிப் பெண்களும் கட்சித் தலைமையும்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடையே நிலவுரிமையும் பட்டமும் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் இறங்கின. ஒரு பெண் தன் பெயரிலேயே நிலம் வைத்திருந்தாள். மணமானதும் அது கணவன் கைக்குப் போய்விடவில்லை. அதே காலத்தில் அங்கே குடியேறிய ஆங்கிலேயப் பெண்களுக்கு இந்த உரிமை கிடையாது. மணமான பெண் தனக்கெனச் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் நியூசிலாந்தில் 1884இல்தான் வந்தது. 1840இல் பிரிட்டிஷ் அரசுடன் செய்துகொள்ளப்பட்ட வைட்டாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்ட ஐந்நூற்றுச் சொச்சம் தலைவர்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். ங்காத்தி தோவா குலத்தைச் சேர்ந்த தே ரங்கிதோப்பியோரா அவர்களில் ஒருவர். ஒப்பம் வாங்கப் போன ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இது விளங்கவில்லை. பெண் என்பதற்காகவே சிலரைக் கையெழுத்திட விடாமல் திருப்பி அனுப்பினார்கள். மாவோரிப் பெண்கள் அரசியல் தலைமையைக் கேட்ட வரலாறு, முன்பே கையிலிருந்த ஒன்றைத் திரும்பக் கேட்ட வரலாறாகவே தொடங்குகிறது.

1867இல் வந்த சட்டம் மாவோரிகளுக்கு நாடாளுமன்றத்தில் நான்கு தனித்தொகுதிகளை ஒதுக்கியது. மக்கள்தொகை எப்படி மாறினாலும் 1990கள் வரை அந்த நான்கு நான்காகவே இருந்தது. வாக்களிப்பவர்களும் போட்டியிடுபவர்களும் ஆண்கள் மட்டுமே. அந்த நாடாளுமன்றத்தில் நான்கு குரல்களால் நிலப்பறிப்பைத் தடுக்க முடியாது என்று கண்ட மாவோரித் தலைவர்கள், 1892இல் கோத்தஹிதாங்கா என்ற பெயரில் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். அரசு அதை அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் பதினோரு ஆண்டுகள் அது ஊர் ஊராகக் கூடியது. முதல் ஆண்டில் அதன் பிரதமராக இருந்தவர் ஹாமியோரா மங்ககாஹியா.

அவருடைய மனைவி மேரி தே தை மங்ககாஹியா, வடக்கே ஹோக்கியாங்கா வட்டாரத்தில் பங்குரு ஊரையொட்டிப் பிறந்தவர். 1893 மே 18 அன்று, ஹாக்ஸ் விரிகுடாப் பகுதியின் வைப்பத்துவில் அவை கூடியிருந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானம் அவர் பெயரில் வைக்கப்பட்டது. அதை விளக்கும்படி அவையோர் கேட்கவே உள்ளே வந்து பேசினார். அந்த அவையில் பேசிய முதல் பெண் அவரே என்று கருதப்படுகிறது. அவர் கேட்டது வாக்கு மட்டும் அல்ல. பெண்கள் உறுப்பினராக அமரவும் வேண்டும் என்றார். தகப்பனும் கணவனும் இல்லாமல் நிலத்தைத் தாங்களே நிர்வகிக்கும் பெண்கள் பலர் உண்டு, அந்த நிர்வாகத்தை நன்றாக அறிந்த பெண்களும் உண்டு என்றார். விக்டோரியா அரசிக்கு ஆண்கள் அனுப்பிய விண்ணப்பங்களால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. அரசியும் ஒரு பெண், பெண்கள் கேட்டால் ஒருவேளை காது கொடுப்பாள் என்றும் சொன்னார். சமத்துவக் கோட்பாடு எதையும் அவர் துணைக்கு அழைக்கவில்லை. நிலம், அனுபவம், பலன் என்று கணக்குப் பேசினார். அகெனெஹி தோமொவானா என்ற மற்றொரு பெண் தீர்மானத்தை ஆதரித்தாலும், ஆண்களின் வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். விஷயம் அப்படியே கிடப்பில் போனது. 1897இல்தான் அந்த அவையின் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு பெண்களுக்குக் கிடைத்தது.

வெலிங்டனில் இருந்த நாடாளுமன்றம் இதற்குள் முந்திக்கொண்டது. 1893 செப்டம்பர் 19 அன்று நியூசிலாந்துப் பெண்கள் அனைவரும், மாவோரிப் பெண்கள் உட்பட, வாக்குரிமை பெற்றார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய கிறித்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தில் மாவோரிப் பெண்களும் சேர்ந்தார்கள். ஆனால் மோக்கோ குத்திக்கொள்வதில்லை என்று உறுதி தர வேண்டியிருந்தது. உதட்டிலும் மோவாயிலும் பெண்கள் குத்திக்கொள்ளும் இந்தப் பச்சை, குலத்தையும் வழிமுறையையும் முகத்திலேயே காட்டுவது. அதை விட்டால்தான் சங்கத்தில் இடம் என்பதில் மாவோரிப் பெண்களுக்கும் குடியேறிகளின் பெண்கள் இயக்கத்துக்கும் நடுவே நெடுங்காலம் நீடித்த ஒரு மனத்தாங்கல் தெரிகிறது.

வாக்கு கிடைத்தும் வேட்பாளராக நிற்கும் உரிமைக்கு 1919 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1935இல் ரேஹுத்தாய் மைஹி வட மாவோரித் தொகுதியில் நின்று தோற்றார்; நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற முதல் மாவோரிப் பெண் அவர். அவ்வேளையில் களம் மாறிக்கொண்டிருந்தது. தஹுபோத்திகி விரெமு ராத்தனா என்ற சமயத் தலைவரின் இயக்கம் 1936இல் தொழிற்கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து, 1943க்குள் நான்கு மாவோரித் தொகுதிகளையும் பிடித்தது. இனி அந்த நான்கில் ஒன்றைப் பெறுவதென்றால் ராத்தனா திருச்சபையின் ஆசியும் தொழிற்கட்சியின் சீட்டும் வேண்டும். இருந்தது நான்கே இடம். ஒரு பெண் உள்ளே வர ஓர் ஆண் வெளியே போக வேண்டும்.

இந்த இறுக்கத்தில் முதல் வழியைத் திறந்தது ஒரு மரணம். மேற்கு மாவோரித் தொகுதியின் உறுப்பினர் மத்தியு ராத்தனா 1949இல் இறந்தார். அவருடைய மனைவி இரியாகா ராத்தனா அந்தச் சீட்டைக் கேட்டார். வாங்கனுயி ஆற்றங்கரையில் 1905இல் பிறந்த அவர், சமயத் தலைவர் ராத்தனாவின் இரண்டாம் மனைவியாக இருந்து, அவர் மறைவுக்குப் பிறகு அவருடைய மகன் மத்தியுவை மணந்தவர். மாட்டுப் பண்ணை ஒன்றைத் தன் கையால் நடத்தியவர். அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. தொழிற்கட்சி தயங்கியது. சீட்டு தராவிட்டால் ராத்தனா வேட்பாளராகத் தனித்து நிற்பேன் என்றார் இரியாகா, கட்சி இறங்கிவந்தது.

அதைவிடக் கடுமையான எதிர்ப்பு சொந்த வட்டாரத்திலிருந்து வந்தது, அதுவும் ஒரு பெண்ணிடமிருந்து. மாவோரி மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த தே புயா ஹேராங்கி, நோயாலும் போராலும் சிதைந்த வைக்காட்டோ மக்களை மீண்டும் எழச் செய்தவர். அவரளவு செல்வாக்குள்ள மாவோரித் தலைவர் அன்று அரிது. வைக்காட்டோ மக்களும் அடங்கிய தைனுயி குலங்களின் தோணிக்கு ஒரு பெண் தலைவியாவதா என்று அவரே ஆட்சேபித்தார். வாழ்நாள் முழுதும் ஒரு மக்களை வழிநடத்தியவர் இதைச் சொன்னது முரணாகப் படலாம். தே புயாவின் அதிகாரம் குலத்திலும் பிறப்பிலும் ஊன்றியது. இரியாகா கேட்டது கட்சியும் தேர்தலும் தரும் அதிகாரம். இரண்டும் ஒன்றல்ல என்றே தே புயா கருதியிருக்க வேண்டும். இரியாகா பெரும் வித்தியாசத்தில் வென்று முதல் மாவோரிப் பெண் உறுப்பினரானார். 1969 வரை அந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்தார்.

இரண்டாமவரும் குடும்ப வழியில்தான் வந்தார். தென் மாவோரித் தொகுதியின் எருவேரா திரிகத்தேனே 1967இல் மறைந்தபோது, கான்பராவில் ஆய்வு மாணவியாக இருந்த மகள் ஃபெத்து திரிகத்தேனே சலிவன் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அனுதாப அலையில் கரையேறுபவர்கள் பலர் ஒரு தவணையோடு காணாமல் போவார்கள். ஃபெத்து 29 ஆண்டுகள் நின்றார். 1970இல், பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்ற முதல் நியூசிலாந்து உறுப்பினர் அவர். 1972இல் சுற்றுலாத் துறை அமைச்சராகி, அமைச்சரவையில் அமர்ந்த முதல் மாவோரிப் பெண்ணானார். ஆனால் 1949 முதல் 1993 வரையிலான 44 ஆண்டுகளில் நாடாளுமன்றம் கண்ட மாவோரிப் பெண்கள் இரியாகா, ஃபெத்து என்ற இருவர் மட்டுமே.

கட்சிகள் இடம் தராத அந்த ஆண்டுகளில் பெண்கள் தலைமைப் பயிற்சி பெற்றது வேறிடத்தில். 1951இல் தொடங்கிய மாவோரிப் பெண்கள் நலச்சங்கத்தின் முதல் தலைவர் ஃபீனா கூப்பர்; மேரி மங்ககாஹியாவின் அதே பங்குருப் பக்கத்துக்காரர். வீட்டுவசதி, குழந்தை நலம், வேலையில் காட்டப்படும் பாகுபாடு என்று ஊர்தோறும் விவரம் திரட்டி அரசின் மேசைக்குக் கொண்டுபோனது இந்தச் சங்கம். அமைச்சர்கள் அதன் மாநாட்டுக்கு வந்து பதில் சொல்லும் அளவுக்கு அதன் சொல் எடுபட்டது. 1975இல், எண்பதை நெருங்கிய வயதில், வடகோடியில் உள்ள தே ஹாப்புவாவிலிருந்து வெலிங்டன் வரை நிலமீட்பு நடைப்பயணத்தை ஃபீனா தலைமையேற்று நடத்தினார். சங்கத்தின் மற்றொரு தூண் மீரா சாசி. கடல் மீன்பிடி உரிமைகளை நிர்வகிக்கும் ஆணையத்துக்குப் பரிசீலிக்கப்பட்ட அவருடைய பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதைத் தொட்டு 1993இல் ஃபீனா, மீரா உள்ளிட்ட பெண்கள் வைட்டாங்கி தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தார்கள். மாவோரிப் பெண்களின் தலைமையை அரசு திட்டமிட்டே ஓரங்கட்டி வந்தது, இது உடன்படிக்கை மீறல் என்பது அவர்கள் வாதம். அந்த வழக்கின் விசாரணை அமர்வுகள் தொடங்கியது 2021இல். வழக்குத் தொடுத்தவர்களில் பலர் அப்போது உயிருடன் இல்லை.

மராய் என்னும் குலப்பொது முற்றத்தில் யார் எழுந்து பேசலாம் என்ற கேள்வியும் இதோடு ஒட்டிவருகிறது. விருந்தினரை முதலில் குரலெடுத்து அழைப்பது பெண். முறைப்படியான உரையை ஆற்றுவது பெரும்பாலான குலங்களில் ஆண். கிழக்குக் கரையின் ங்காத்தி போரோவ் போன்ற சில குலங்களில் உயர்குடிப் பெண்களும் பேசுவது உண்டு. 1998இல் வைட்டாங்கியில் எதிர்க்கட்சித் தலைவர் ஹெலன் கிளார்க் பேச எழுந்தபோது, போராளி தித்தெவாய் ஹராவிரா குறுக்கிட்டார். மாவோரிப் பெண்ணுக்கே இல்லாத உரிமை வெள்ளைக்காரப் பெண்ணுக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. கிளார்க் கண்ணீர் விட்ட காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது; கேள்வி அந்தக் கண்ணீரில் அடிபட்டுப் போனது.

1993இல் சாண்ட்ரா லீ, கூட்டணிக் கட்சியின் சார்பில் ஆக்லாந்து மையத் தொகுதியில் தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சர் ரிச்சர்ட் பிரெபலைத் தோற்கடித்து, பொதுத்தொகுதியில் வென்ற முதல் மாவோரிப் பெண்ணானார். அடுத்த ஆண்டே கூட்டணியின் அங்கமான மன மொத்துஹாக்கே கட்சிக்குத் தலைவரானார். 1996 முதல் கட்சிகளின் வாக்குவிகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் முறை நடைமுறைக்கு வந்தது. மாவோரித் தொகுதிகளும் படிப்படியாக ஏழாயின. கட்சிப் பட்டியல் வழியாகவும் பெண்கள் உள்ளே வந்தார்கள்.

உள்ளே வந்தவர்கள் கட்சியோடு மோதிய ஆண்டு 2004. தேசியக் கட்சித் தலைவர் டான் பிராஷ் ஒரேவாவில், மாவோரிகளுக்குத் தனிச்சலுகை கூடாது என்று பேசினார். அக்கட்சியின் முதல் மாவோரிப் பெண் நாடாளுமன்ற உறுப்பினரான ஜார்ஜினா தே ஹெயுஹெயு அந்த உரையை ஏற்க மறுத்தார். மாவோரி விவகாரப் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆளும் தொழிற்கட்சியில் வேறு சிக்கல். கடற்கரை, கடலடி நிலத்தின்மீது மாவோரிகள் உரிமை கோரி நீதிமன்றம் போகலாம் என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல, அந்த வழியை அடைக்க அரசு சட்டம் கொண்டுவந்தது. துணையமைச்சர் தாரியானா தூரியா அதற்கு வாக்களிக்க மறுத்தார். 1995இல் வாங்கனுயியில் 79 நாள் நடந்த நிலமீட்பு முற்றுகையில் நின்றவர் அவர். அவரிடம் கட்சி வேறெதை எதிர்பார்த்தது என்று தெரியவில்லை. அமைச்சர் பொறுப்பு போனது. தாமாகவே பதவி விலகி, ஜூலையில் இடைத்தேர்தலில் நின்று தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு வாங்கினார். பெரிய கட்சிகள் வேட்பாளரே நிறுத்தவில்லை. அதே வாரம் மாவோரிக் கட்சி பிறந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைத்தலைவர்கள் என்பது அதன் அமைப்புவிதி. பீத்தா ஷார்ப்பிள்சும் தூரியாவும் அப்படித் தலைவரானார்கள். 2008இல் தேசியக் கட்சி அரசுக்கு ஆதரவு தந்து, 2011இல் அந்தக் கடற்கரைச் சட்டத்தை நீக்கவைத்தார்கள். மாற்றாக வந்த சட்டம் போதாது என்று சொன்னவர்களும் உண்டு.

இணைத்தலைமை விதி எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பசுமைக் கட்சியிலும் பார்க்கலாம். 2009இல் மெத்திரியா துரெய் அதன் பெண் இணைத்தலைவரானார். தனித்தாயாக அரசு உதவித்தொகையில் வாழ்ந்த காலத்தில், கூட வாடகை பகிர்ந்தவர்களைப் பற்றி அதிகாரிகளிடம் சொல்லாமல் விட்டதை 2017 தேர்தல் நேரத்தில் அவரே மேடையில் சொன்னார்; கிளம்பிய புயலில் பதவி விலகினார். 2018இல் மராமா டேவிட்சன் அந்த இடத்துக்கு வந்தார். 2022இல் அக்கட்சி விதியைத் திருத்தி, இருவரில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மாவோரியாகவும் இருக்க வேண்டும் என்றாக்கியது.

இரட்டைத் தலைமை விதி இல்லாத பெரிய கட்சிகளில் கதை வேறு. தைனுயி வழிவந்த பாலா பென்னெட் தேசியக் கட்சியின் துணைத் தலைவராகி 2016 இறுதியில் துணைப் பிரதமரானார். தொழிற்கட்சியில் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த நனாயா மஹுத்தா, 2004இல் அதிருப்தி இருந்தும் தூரியாவுடன் வெளியேறாமல் தங்கியவர், 2014இல் தலைமைத் தேர்தலில் நின்று நால்வரில் கடைசியாக வந்தார். 2016இல் மோவாயில் பச்சை குத்திக்கொண்டார். மதுவிலக்குச் சங்கம் கைவிடச் சொன்ன அதே மோக்கோவுடன் 2020இல் நாட்டின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரானார். 2023 தேர்தலில் அவரை வீழ்த்தியது மாவோரிக் கட்சியின் 21 வயது ஹானா ராஃபித்தி மைப்பி கிளார்க். அக்கட்சி அன்று ஏழு மாவோரித் தொகுதிகளில் ஆறைப் பிடித்தது.

2024 நவம்பரில், வைட்டாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளுக்குப் புது விளக்கம் எழுத முனைந்த மசோதாவின் படியை மைப்பி கிளார்க் அவையில் கிழித்து, ஹக்கா என்னும் மாவோரி ஆட்டத்தை ஆடினார். 2025 ஜூனில் அவர் ஏழு நாளும், இணைத்தலைவர்களான டெபி ஙாரேவா பேக்கரும் ராவிரி வைத்தித்தியும் 21 நாளும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நாடாளுமன்றத்தில் அதற்குமுன் எவருக்கும் இவ்வளவு நீண்ட இடைநீக்கம் விதிக்கப்பட்டதில்லை. மசோதா அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரலில், 112க்கு 11 என்ற வாக்கில் தோற்றிருந்தது. அந்த ஆண்டு வரை தொழிற்கட்சிக்கோ தேசியக் கட்சிக்கோ ஒரு மாவோரிப் பெண் தலைவரானதில்லை.