திருச்சி ரேடியோவும் ஆடுதுறை நெல்லும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் இருக்கிறது ஆடுதுறை. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. 1960-களின் நடுவில் அது வெளியிட்ட ஆடுதுறை 27 என்ற ரகத்துக்குத் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் வேறு பெயர் வைத்தார்கள்: ‘ரேடியோ நெல்’. புது விதை வந்திருக்கும் சேதியை அவர்களில் பலர் ரேடியோவில்தான் கேட்டார்கள். அதைச் சொன்னது பாட்டும் நாடகமும் கேலிப்பேச்சும் கலந்த கிராம நிகழ்ச்சி. பசுமைப் புரட்சியின் வரலாற்றில் விஞ்ஞானிக்கும் அதிகாரிக்கும் கிடைத்த இடம் அந்த நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

பாட்டு, சிரிப்பு, கதை மூன்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பது காவிரி டெல்டாவுக்குப் பழைய பழக்கம். மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்த கீர்த்தன மரபைத் தமிழ்க் கதாகாலட்சேபமாக வளர்த்தவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அதில் புராணக் கதை முதுகெலும்பு. கர்நாடக இசையும், சாகி, திண்டி போன்ற மராட்டி மெட்டுகளும் இடையிடையே வரும். கதை கொஞ்சம் கனத்தால் ஒரு உபகதை சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். தெருப்பக்கம் போனால் லாவணி. காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி. டேப் என்ற தாளக் கருவியைத் தட்டிக்கொண்டு பாட்டாலேயே கேள்வி போடுவார்கள், பாட்டாலேயே பதில் வரும். பதில் சொல்லத் திணறுகிறவர் பாடு திண்டாட்டம். விடிய விடிய நடக்கும் இந்தப் போட்டிக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. இப்படிக் கேட்டுப் பழகிய காதுகளுக்குத்தான் பின்னால் வானொலி வந்து சேர்ந்தது.

சென்னையில் 1924-லேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. பிறகு சென்னை மாநகராட்சி அதை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ல் வந்தது. அடுத்த ஆண்டு மே 16 அன்று திருச்சி நிலையம். காவிரிக்கரை ஊர்களுக்கு இரைச்சல் இல்லாமல் கேட்கும் சொந்த நிலையம் அதுதான்.

ஒலிநாடா புழக்கத்துக்கு வராத அந்த நாட்களில் ஏறக்குறைய எல்லாமே நேரடி ஒலிபரப்பு. நாடகம் என்றால் நடிகர்கள் மைக்கைச் சுற்றிக் கையில் தாளோடு நிற்பார்கள்; தாள் சரசரத்தால்கூட ஊருக்கே கேட்டுவிடும். கும்பகோணத்து வித்வான் ரயிலேறித் திருச்சி போய், குறித்த நிமிஷத்தில் சுருதி சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் கதை சொல்லிப் பழகிய பாகவதர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மங்களம் பாடக் கற்றுக்கொண்டார். எழுத்தாளர்களையும் வானொலி இழுத்துக்கொண்டது. கும்பகோணம் கல்லூரியில் படித்த தி. ஜானகிராமன் ஆசிரியர் வேலையை விட்டு வானொலியின் கல்வி ஒலிபரப்புக்குத்தான் போனார்.

மாலையில் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கி ஊர்ப் பொதுவிடத்தில் பேசத் தொடங்கும். சொந்தமாகப் பெட்டி வைத்திருப்பவர்கள் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம் அது. மற்ற எல்லோருக்கும் பஞ்சாயத்து ரேடியோதான். கிராம நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளர்கள் ஊர்க்காரர்களாக வேஷம் கட்டிப் பேசுவார்கள். ஒருவர் விவரம் தெரிந்தவர், இன்னொருவர் எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பவர். இருவரும் வழக்குப் பேச்சில் வம்பளப்பார்கள். அந்த வம்புக்குள்ளேயே தழைச்சத்து அளவும் நாற்றின் வயதும் புகுந்துவிடும். நடுவில் ஒரு நாட்டுப்பாட்டு, ஒரு குட்டி நாடகம், சந்தை நிலவரம், மழைச் சேதி, நேயர் கடிதம். பாடம் நடத்தியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் டபிள்யூ.எல்.எஸ். நிலையம் 1924-ல் தொடங்கிய ‘நேஷனல் பார்ன் டான்ஸ்’ நிகழ்ச்சியும் உழவர் குடும்பங்களை மனத்தில் வைத்து நடந்த பாட்டு, நகைச்சுவைக் கதம்பம்தான். விவசாயியோடு பேச விரும்பிய வானொலி, அங்கேயும் இங்கேயும் கலைஞர்களின் துணையைத்தான் முதலில் தேடியது.

இப்படி ஊர்கூடிக் கேட்பதை முறைப்படுத்த, புனே பகுதியில் 1956-ல் 150 கிராமங்களில் வானொலிக் குழுக்கள் அமைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து கேட்டு, விவாதித்து, கேள்விகளை நிலையத்துக்கு எழுதினார்கள். அந்த முறை 1959-ல் நாடு முழுக்கப் பரவியது. பிறகு 1966-ல் பத்து நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் அமைந்தபோது திருச்சியும் அவற்றுள் ஒன்றாயிற்று. தஞ்சை மாவட்டம் ஏற்கெனவே 1960-லிருந்து தீவிர வேளாண்மைத் திட்டத்தில் இருந்ததால், விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன.

ஆடுதுறை 27 ஜப்பானிய நோரின் 10-ஐயும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த ரகம். ஏறக்குறைய 105 நாள் வயது, குறுவைப் பருவத்துக்கு ஏற்றது, உரம் போட்டால் நன்றாக எடுத்துக்கொள்ளும். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவைக்காரருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு. நாற்று முற்றினால் விளைச்சல் போச்சு, மேலுரம் தள்ளினாலும் போச்சு, அறுவடை பிந்தினால் ஐப்பசி மழை. கிராம சேவகர் எத்தனை ஊருக்குத்தான் சைக்கிள் மிதிப்பார்? இன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்கே சொல்ல ரேடியோ ஒன்றால்தான் முடிந்தது. தெரிந்த குரல் சொன்னதால் நம்பி விதைத்தார்கள்.

அந்த நெல்லுக்குக் குறைகளும் இருந்தன. கதிர் கனத்து மழை பிடித்தால் பயிர் சாய்ந்துவிடும். ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் பரவியதும் அது மெல்ல விலகியது. விளைச்சல் கூடிய வேகத்தில் கூலி கூடவில்லை என்பது இதைவிடப் பெரிய விஷயம். அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ரேடியோ நெல்லின் கதையைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் வந்தது. அதன் ‘வயலும் வாழ்வும்’ வழியாக உழவர் நிகழ்ச்சி திரைக்குப் போனது. ஆடுதுறை 27-இன் பெற்றோர், வயது, விளைச்சல் எல்லாம் ஆராய்ச்சிப் பதிவுகளில் பத்திரமாக இருக்கின்றன. நேரடியாகக் காற்றில் போன பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அன்று ஒலிபெருக்கியடியில் இருபது வயதில் நின்று கேட்டவர்கள் இப்போது எண்பதைத் தொடுகிறார்கள். கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் பக்கத்து ஊர்களில் அவர்களைத் தேடிப்போய், யார் குரலைக் கேட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதை நம்பி விதை வாங்கினார்கள் என்று இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.