மருத்துவமனை பெயர் தந்த நிலையம்

சென்னைக் கடற்கரையில் புறப்பட்டுத் தெற்கு நோக்கி ஓடும் மின்சார வண்டியில் ஏறி அமர்ந்து, நிலையங்களின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள், தோழர்களே! கோட்டையின் பெயரால் ஒன்று, பூங்காவின் பெயரால் ஒன்று, புனிதர் பெயர் தாங்கிய மலையால் ஒன்று. தாம்பரத்தை நெருங்கும்போது இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலை தந்த பெயர். அடுத்தது தாம்பரம் சானடோரியம். காசநோயாளர் தங்கி நலம்பெற எழுந்த மருத்துவமனை தந்த பெயர். தோல் தொழில் செய்தவனைத் தொடாதே என்று தள்ளி வைத்த நாடு இது. நோயுற்றவனைப் பார்த்து முன்வினையின் பயன் என்று முணுமுணுத்த நாடு இது. அந்நாட்டில் தோலும் நோயும் இரண்டு ஊர்களுக்குப் பெயராயின என்றால், அவ்வரலாற்றை அறிய வேண்டாமா?

காசநோய் கடவுளின் சினத்தால் வருவதன்று, கண்ணுக்குப் புலப்படாத கிருமியால் வருவது என்பதை 1882-ஆம் ஆண்டிலேயே செர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் மெய்ப்பித்துவிட்டார். ஆயினும் கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைக்காலத்தில் மருத்துவ உலகம் நம்பியிருந்தவை தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகிய மூன்றே. அந்த முறையில் தேர்ந்தவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தில் மென்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் ஒன்றை நடத்தியவர் இத்தமிழர். கணித மேதை இராமானுசன் 1917-இல் அங்கே சிகிச்சை பெற்றார். (அவரைப் பற்றியது காசநோய்தானா என்பதிலேயே பிற்கால மருத்துவர் சிலர் ஐயுற்றனர் என்பது வேறு செய்தி.) தாயகம் திரும்பிய சௌரி முத்து, நகரின் நெரிசலுக்கு அப்பால், பச்சைமலையை ஒட்டிய வெட்டவெளியில் 1928-ஆம் ஆண்டு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அது அரசின் கைக்கு வந்தது.

நகருக்கு அப்பால் என்றால், நகரத்து ஏழை அங்கே போய்ச் சேர்வது எப்படி? அதற்கு விடையாக வந்தது இரயில். தென்னிந்திய இரயில்வே, கடற்கரை–தாம்பரம் பாதையை மின்மயமாக்கியது. 1931 ஏப்ரல் 2 அன்று ஆளுநர் சர் ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்டான்லி அதனைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் மக்களுக்கான வண்டிகள் ஓடின. ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தொலைவு. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். நுரையீரல் நொந்தவர்கள் இறங்கும் இடத்திற்குக் கரிப்புகை கக்காத வண்டி வந்து சேர்ந்த பொருத்தத்தை என்னென்பது! 1967-இல் மின்னோட்டம் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாயிற்று. 2004 சூலை முதல் நாளோடு மீட்டர்பாதை மின்வண்டிகள் விடைபெற, அகலப்பாதை வண்டிகளே முழுமையாகப் பணியை ஏற்றன.

இதே பாதையில் இன்னொரு நிலையத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அது சேத்துப்பட்டு. 1956-இல் அங்கே நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், எளிய கேள்வி ஒன்றை எழுப்பியது: நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்துச் சானடோரியத்தில் வைத்தால்தான் நோய் தீருமா? 193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் நெரிசல் மிகுந்த தத்தம் வீடுகளிலேயே, குறைந்த உணவோடு. இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ ஒரே அளவில் இருவரும் நலம்பெற்றனர்! மருந்துண்டு வீட்டிலிருந்தவரால் உடனுறைந்தோருக்குக் கூடுதல் தீங்கும் நேரவில்லை என்பதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு காட்டியது. ஒதுக்கி வைத்தல் தேவையற்றது என்பதை எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. சென்னையின் குடிசைவாழ் ஏழைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி சொல்லிற்று. உலக நாடுகள் பல தம் சானடோரியங்களை மூட அது வழிவகுத்தது.

நம் சானடோரியம் மூடப்படவில்லை. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று பெயர் மாறிற்று. நிலையம் மட்டும் பழைய பெயரை விடவில்லை. நலமாக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லில் பிறந்த அப்பெயரை மாற்றித் தனித்தமிழ்ப் பெயர் சூட்டலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எனக்கும் தமிழ்ப்பற்று உண்டு; ஆனால் இந்த ஒரு பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். 1984-இல் அமைந்த ஏற்றுமதி மண்டலத்திற்கு வேலைக்குப் போகும் பெண்களும், 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நாடுவோரும் இறங்குவது இந்நிலையத்தில்தான். விரைவு வண்டிகள் நில்லாது பாய்ந்து செல்லும். புறநகர் வண்டிகளே இவர்களுக்குத் துணை.

சேத்துப்பட்டு முடிவு வெளிவந்து 34 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1993-இல், எச்.ஐ.வி. கண்டவர்களை இம்மருத்துவமனை ஏற்கத் தொடங்கிற்று. உற்றாரும் ஊராரும் மட்டுமா, மருத்துவம் கற்றவர் பலரே அந்நோயாளரைத் தொட அஞ்சிய காலம் அது. பழைய காசநோய்க் கூடங்களில் அவர்களுக்குப் படுக்கை கிடைத்தது. தமிழகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து மட்டுமின்றி, ஆந்திரத்திலிருந்தும் அவர்கள் வந்தனர்.