1962: ஒரு திங்களின் இரு நெருக்கடிகள்

1962ஆம் ஆண்டின் கியூபா நெருக்கடியையும் இந்திய-சீனப் போரையும் தனித்தனியே ஆராய்தல் பெருவழக்கு. அவற்றை ஒருங்குவைத்து நோக்குதலும் இன்றியமையாதது.

அக்டோபர் 20இல் சீனப்படை இமய எல்லையில் பெருந்தாக்குதலைத் தொடங்கிற்று. 22இல் கென்னடி கியூபாவைச் சூழக் கடல்தடை அறிவித்தார். அணுப்போர் அச்சத்திடையே சீனத்தின் ஆதரவை வேண்டிநின்ற சோவியத்து அரசு, 25இல் 'பிராவ்தா' இதழ்வழிச் சீனத்தின் பக்கம் சாய்ந்தது. 28இல் கியூபா நெருக்கடி தணிந்தது. நவம்பர்த் தொடக்கத்தில் அவ்விதழ் மீண்டும் நடுநிலை பூண்டது. அதற்குள் இந்தியா மேலைநாடுகளின் படைக்கலங்களை நாடியிருந்தது. அணிசேராமையைப் போற்றிய நேரு, நவம்பர் 19இல் அமெரிக்க வான்படையின் துணையையும் வேண்டினார். 21இல் சீனம் தானே போர்நிறுத்தம் அறிவித்தது.

எனவே, வேண்டிய பொழுதில் சோவியத்து நட்பு இந்தியாவுக்கு உதவாமைக்குரிய காரணத்தைக் கரீபியக் கடலிலும் தேடுதல் வேண்டும். அணிசேராக் கொள்கையின் வரம்பு அந்நாட்களில்தான் புலனாயிற்று எனலாம்.