கிண்டி வகுப்பறையும் ஆம்பூர் டிரம்மும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் எந்த ஷாப்புக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது டிரம். ஆள் உயரத்தைத் தாண்டிய மர உருளை. உட்சுவர் நெடுக முளைகள். தோலையும் குரோம் உப்புக் கரைசலையும் உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டால், முளைகள் தோலைத் தூக்கித் தூக்கிப் போடும். ஆவாரம்பட்டைக் குழியில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், இதில் ஓரிரு நாளில் பதமாகிவிடுகிறது. இந்த டிரம்முக்கும் சென்னையின் பொறியியல் கல்லூரிக்கும் நூறாண்டைத் தாண்டிய உறவு உண்டு. தோல் தொழிலின் கதையில் அதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

1888-ல் அந்தக் கல்லூரிக்குப் பொறியியல் பேராசிரியராக வந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்கு மாறியது 1920-ல்தான். வகுப்போடு நிற்காத மனிதர் அவர். கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் இன்ஜின் பம்புகளைப் பரப்பினார். அலுமினியப் பாத்திரம் செய்ய வழிகாட்டினார். 1903 வாக்கில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையில் இறங்கினார். கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் தோல் சால் சீக்கிரம் அழுகிவிடுவது உழவர்களுக்குத் தீராத தொல்லை. குரோம் தோல் தண்ணீரில் நெடுநாள் தாங்கும் என்று கண்டு, முதலில் அந்தச் சாலுக்குத்தான் அதைப் பயன்படுத்தப் பார்த்தார். அரசாங்கமே தொழிற்சாலை நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910-ல் லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மோர்லியும் கூடாது என்று சொல்லிவிட்டார். சாட்டர்டன் தொடங்கிய தோல் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்தின் கைக்குப் போனது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கும் பாலாற்றங்கரை ஆவாரம்பட்டையோடே காலம் தள்ளியது.

அடுத்து மின்சாரம் வந்தது. 1927-ல் சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்கெனத் தனித்துறை அமைத்தது. 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர் என்று புனல்மின் நிலையங்கள் ஓடத் தொடங்கின. மேட்டூரின் கம்பிகள் வட ஆற்காடு வரை நீண்டன. ஆம்பூரும் வாணியம்பாடியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. கம்பி இழுக்கவும், துணைமின் நிலையம் வரையவும், மோட்டார் பழுது பார்க்கவும் ஆட்கள் வேண்டுமே! கிண்டியில் 1930-ல் மின்பொறியியல் தனிப் படிப்பானது.

அந்தத் துறையில் பேராசிரியராக இருந்தவர் பப்பு சுப்பா ராவ். அவர் மகள் லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டில் கணவர் இறந்துபோனார். கையில் சில மாதக் குழந்தை, சியாமளா. இளம் விதவையை வீட்டு மூலையில் உட்கார வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், மகளைத் தன் துறையிலேயே சேர்க்க சுப்பா ராவ் முனைந்தார். முதல்வர் கே.சி. சாக்கோவும் கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாத்தமும் சம்மதித்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே ஒரே பெண். விடுதியில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை என்று மகள் சொன்னதும், பெண்களுக்கும் இடம் உண்டு என்று சுப்பா ராவ் ஊரறியச் செய்தார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். லலிதா 1943-ல் தேறினார். ஆண்களை மட்டுமே எண்ணி அச்சடித்திருந்த பட்டச் சான்றிதழில் "அவன்" என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி, சிம்லாவில் அரசு வேலை, 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் பணியில் லலிதாவின் உழைப்பும் சேர்ந்தது. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குப் போய்வந்தார். 1979-ல் மறைந்தார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெருமையோடு சொல்ல வேண்டிய வாழ்க்கை இது.

கிண்டியில் இப்படி மின்பொறியாளர்கள் உருவானாலும், சாட்டர்டன் கனவு கண்ட குரோம் தோல் பாலாற்றங்கரையில் பெருவாரியாகக் காலூன்ற 1970-கள் ஆயிற்று. 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதாகப் பதனிட்டு விற்கச் சொன்னது. அரசும் அந்த வழியிலேயே கட்டுப்பாடு கொண்டுவந்தது. தோலைப் பிளக்க, சீவ, மென்மையாக்க, சாயம் தெளிக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம், ஒவ்வொன்றிலும் மோட்டார். அதுவரை குழியோரம் ஓடிய தொழில் மின்கம்பத்தை நம்பத் தொடங்கியது. 1990-ல் வேலூரிலேயே தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி திறக்கப்பட்டது. மின்பொறியியல் படிக்க இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருகிலேயே ஓர் அரசுக் கல்லூரி கிடைத்தது.

குரோம் தன்னோடு கழிவையும் கொண்டுவந்தது. பாலாறு பாழானதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் ஷாப்பை ஓட்ட முடியாத நிலை வந்தது. அந்த நிலையங்களில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு ஓயாமல் காற்று ஊத வேண்டும். கரண்ட் நெடுநேரம் நின்றால் அவை செத்துப்போகும். திரும்ப வளர்த்தெடுக்க நாள் கணக்காகும். ஆகவே அங்கே ஜெனரேட்டரும், அதைக் கவனிக்க ஒரு மின்பணியாளரும் எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.