பிரதி செய்தவர் காத்த வன்னி

பனையோலை ஏடு நெடுங்காலம் நில்லாது. ஈரமும் பூச்சியும் அதனை அரிக்கும். ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவது நூலை நேசித்தோர் கடமையாயிற்று. வன்னியர் அடங்காப்பற்றிற் குடியேறிய வரலாற்றைப் பாடும் வையாபுரி ஐயரின் 'வையாபாடல்' அவ்வாறே கைமாறி வந்து அச்சேறியது. 1973இல் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பு மக்களின் காட்டு வாழ்வை நாவலாக்கியது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது; ஏறக்குறைய 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் சிலவும் அழிந்தன. 2009இல் முடிவுற்ற போரிலோ, வன்னி மக்கள் புத்தக அலுமாரிகளை அப்படியே விட்டுப் பெயர்ந்தனர். பிற ஊர்களிற் பிரதியிருந்த நூல்களே நமக்கு மீண்டன. 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் அத்தகையவற்றை மின்வடிவிற் சேர்த்து வருகின்றது.

உங்கள் வீட்டுக் கையெழுத்துப் படி ஒன்றேயாயின், இன்றே மற்றொன்று எழுதி அயலூர் உறவினரிடம் ஒப்படையுங்கள்.