நேரமுத்திரை: தேதியை எண்ணாக்கும் முறையின் வரலாறு

நாள், மாதம், ஆண்டு, மணி என்று எழுதிய ஒரு தேதியை, குறித்த ஒரு தொடக்கத்திலிருந்து எத்தனை நொடி கடந்திருக்கிறது என்னும் ஒற்றை எண்ணாக மாற்றினால் கிடைப்பது நேரமுத்திரை. நிரலாளர்கள் வழக்கில் டைம்ஸ்டாம்ப். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளுக்கு அந்தத் தொடக்கம் கிரீன்விச் கணக்கில் 1970 ஜனவரி 1 நள்ளிரவு. ஊட்டியில் அப்போது விடிகாலை ஐந்தரை.

ஊட்டியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி 2015 ஜூனில், இரண்டு மணி நேரம் நீடித்த அண்டக்கதிர்ப் பெருக்கு ஒன்றைப் பதிவு செய்தது. சூரியனிலிருந்து வீசப்பட்ட பிளாஸ்மா திரள் மோதியதில் புவியின் காந்தக் கவசம் சிறிது நேரம் நலிந்ததே காரணம் என்று 2016-ல் வெளியான ஆய்வு விளக்கியது. ஆய்வுக் கட்டுரைப்படி பெருக்கு தொடங்கியது ஜூன் 22, கிரீன்விச் கணக்கிலான உலக நேரம் 19 மணிக்கு. ஊட்டிக் கடிகாரத்தில் அது ஜூன் 23, நள்ளிரவு தாண்டி அரை மணி. தேதி இரண்டானாலும் எண் ஒன்றே: 1,43,49,99,600.

கணக்கு எளிது. 1970 முதல் 2014 முடிய 45 ஆண்டுகள். 11 லீப் நாட்களையும் சேர்த்து 16,436 நாட்கள். ஜூன் 22 வரை இன்னும் 172. ஆக 16,608 நாட்கள். அதை 86,400 நொடியால் பெருக்கி, 19 மணிக்குரிய 68,400-ஐக் கூட்ட வேண்டும். ஊட்டி நேரத்தை அப்படியே உலக நேரமாக எடுத்துக்கொண்டால் 19,800 நொடி கூடிவிடும். அப்போது விண்கலங்கள் அளந்த காந்தப்புல மாற்றமும் ஊட்டியின் மியூவான் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஐந்தரை மணி நேரம் விலகி நிற்கும்.

இப்படி நாளை எண்ணாக்கும் வழக்கம் கணினிக்கு வெகு காலம் முந்தையது. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவர் முதலில் செய்வதே கலி தொடங்கியதிலிருந்து கடந்த நாட்களை எண்ணுவதுதான். கோள்நிலைகள் எல்லாம் அந்த எண்ணை வகுத்தே கிடைக்கும். 1825-ல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் தமது காலசங்கலித நூலில் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பாவில் 1583-ல் ஸ்காலிஜர் வகுத்த ஜூலியன் சுழற்சியிலிருந்து வானியலாளர்களின் ஜூலியன் நாள் எண் பிறந்தது. தமிழகக் கல்வெட்டுகளின் திதி, நட்சத்திரம், கிழமைகளை ஆங்கிலத் தேதியாக்க வழிசெய்தவர் எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை. 1922-ல் வெளியான அவரது எபிமெரிஸ் தொகுதிகள் இல்லாமல் சோழர் கால ஆய்வு இவ்வளவு தூரம் வந்திருக்காது. மேலே சொன்ன ஜூன் 22-க்கு, கலி தொடக்கத்தை கி.மு. 3102 பிப்ரவரி 18 எனக் கொண்டால், கடந்த நாட்கள் 18,68,730. ஜூலியன் கணக்கில் அதன் நள்ளிரவு 24,57,195.5.

நீலகிரியில் நொடிக்கு மதிப்பு வந்தது முத்தோரையில். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அங்கே கட்டிய 530 மீட்டர் நீள, 30 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கி 1970 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கியது. கணினிக் காலத்தின் சுழியத்துக்கு ஒன்றரை மாதம் பின்பு என்பது வெறும் தற்செயல். ஊரின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே சாய்வில் வடக்கு தெற்காக அமைந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்ததால் தொலைநோக்கியின் அச்சு புவி அச்சுக்கு இணையானது. ஒரே அச்சில் சுழற்றியே ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும் விடுவிக்கும் கணத்தையும் குறிப்பதுதான் அங்கே முதல் வேலை. நிலவு வானில் ஒரு நொடியில் ஏறத்தாழ அரை விகலை (ஆர்க் செகண்ட்) நகர்கிறது. எனவே ஒரு நொடி பிசகினால் மூலத்தின் இடம் அரை விகலை பிசகும்.

இனி கணினிக்கு வருவோம். தேதியை நாளெண்ணாக்கும் புகழ்பெற்ற ஃபோர்ட்ரான் மொழிச் சூத்திரத்தை ஃபிளீகலும் வான் ஃபிளாண்டர்னும் 1968-ல் ஒரே வரியில் வெளியிட்டார்கள். மாத எண்ணிலிருந்து 14-ஐக் கழித்து 12-ஆல் வகுப்பதில்தான் அதன் சூட்சுமம். ஃபோர்ட்ரான் பின்னத்தைச் சுழியத்தை நோக்கி வெட்டுவதால் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் விடை −1, மற்ற மாதங்களுக்கு 0. இதனால் ஆண்டு மார்ச்சில் தொடங்குவதாகிவிடும். லீப் நாள் ஆண்டின் கடைசிக்குப் போய்விடும். அதே வரியைப் பைத்தானில் அதன் முழுஎண் வகுத்தல் குறியோடு எழுதினால் ஜனவரிக்கு −2, மற்ற எல்லா மாதத்துக்கும் −1 வரும், ஏனென்றால் பைத்தான் கீழ்நோக்கி வெட்டுகிறது. சூத்திரத்தை நகலெடுப்பவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இது.

1971-ல் வந்த யூனிக்ஸ் முதல் கையேடு, அவ்வாண்டு ஜனவரி 1-லிருந்து நொடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது. 32 பிட்டில் அது இரண்டரை ஆண்டுகூடத் தாங்காது என்பதால் பிறகு முழு நொடிக்கு மாறினார்கள். சி மொழியின் எம்கேடைம் என்னும் சார்பு, தரும் தேதியை உள்ளூர் நேரமாகவே கொள்ளும். ஜூன் 31 என்று கொடுத்தாலும் குறை சொல்லாமல் ஜூலை 1 ஆக்கிவிடும்.

உள்ளூர் நேரம் என்பதும் நிலையானதல்ல. மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முந்தியது. 1906-லிருந்து ஐந்தரை மணி. போர்க்காலத்தில் 1945 அக்டோபர் வரை ஆறரை. நேரவலயத் தரவுத்தளத்தில் ஆசியா/கொல்கத்தா என்ற பெயரில் இவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

உள்ளூர் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் அடிபடுவது பெரும்பாலும் பிறந்த தேதிதான். குன்னூர்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் 1965 ஜூன் 1-ல் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய நள்ளிரவைக் கொண்டு எண்ணாக்கினால் −14,47,39,800. உலக நேரத்தில் இயங்கும் சர்வர் அதைத் திரும்பத் தேதியாக்கும்போது மே 31 என்று காட்டும். பிறந்த மாதமே ஒன்று முந்திவிடும். பிறந்த தேதிக்கு மணி கிடையாது. அதை நேரமுத்திரையாக்காமல் தேதியாகவே வைப்பதுதான் சரி.

32 பிட் எண் நிரம்புவது 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு. 64 பிட்டுக்கு மாறிய கணினிகளுக்கு இந்தக் கவலை இல்லை. உலக நேரத்தில் அவ்வப்போது கூடுதலாகச் செருகப்படும் லீப் நொடியை யூனிக்ஸ் எண்ணிக்கை கணக்கில் சேர்ப்பதில்லை. ஊட்டி நிகழ்வு நடந்து எட்டு நாளில், 2015 ஜூன் 30 உலக நேர நள்ளிரவில் அப்படியொரு நொடி செருகப்பட்டது. ஜி.பி.எஸ். கடிகாரம் அதை எண்ணியதால், உலக நேரத்தோடு அதன் இடைவெளி 16 நொடியிலிருந்து 17 ஆனது. லீப் நொடி செருகும் வழக்கத்தை 2035-க்குள் நிறுத்திவிடுவதென 2022-ல் எடைகள் அளவைகள் பொது மாநாடு முடிவெடுத்தது.