செங்குழிய மென்சவ்வும் ஊவாவின் மலேரியாவும்

ஊவா மாகாணத்தின் மலேரியா வரலாற்றை எழுதப் புகுவோர் மழையிலிருந்தும் நுளம்பிலிருந்தும் தொடங்குவது வழக்கம். அது தவறன்று. அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு வறட்சிக்காலத்தில் ஆற்றுப்படுகைகளில் தேங்கும் நீரிற் பெருகுவது. ஆதலால் அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய உயர்நிலத் தோட்டங்களில் நோய் அரிதாயிருக்க, பிபிலை, மொனராகலைத் தாழ்நிலங்களில் அது வேரூன்றியிருந்தது. பதுளை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 1934-35 கொள்ளைநோயில் இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்; கேகாலை, குருநாகல் பகுதிகளே பெரிதும் அழிவுற்றன.

ஆயினும் இவ்வெண்களை எவ்வாறு வாசிப்பது என்னும் வினாவுக்கு விடை காணத் தொழிலாளியின் குருதிக்கலத்துள்ளும் நோக்குதல் வேண்டும்.

முதிர்ந்த செங்குழியத்துக்குக் கருவில்லை; புரதம் ஆக்கும் பொறிமுறையும் இல்லை. உட்புகுந்த ஒட்டுண்ணி தன் புரதங்களை மென்சவ்வுக்கு அனுப்பி, அதனைத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைக்கின்றது. பல்சிப்பாரம் இனம் புகுந்த கலம் விறைக்கின்றது; அதன் மேற்பரப்பில் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு மட்டுமே புலப்படும் நுண்புடைப்புகள் எழுகின்றன. அவற்றில் நிற்கும் புரதம் கலத்தைக் குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கின்றது. விறைத்த கலம் மண்ணீரலை அடைந்தால் அழிக்கப்பட்டுவிடும். ஒட்டிய கலமோ அங்குச் செல்வதேயில்லை. இப்புரதத்துக்கு ஏறத்தாழ 60 மரபணுக்கள் உள. ஒன்றை உடல் இனங்கண்டு எதிர்க்கத் தொடங்குமுன் ஒட்டுண்ணி வேறொன்றுக்கு மாறிவிடும். மூளைக் குழாய்களில் ஒட்டினால் மயக்கமும் மரணமும் நேரலாம். கருவுற்றவளின் சூல்வித்தகத்தில் ஒட்டினால் தாய்க்குக் குருதிச்சோகை, பிள்ளைக்கு எடைக்குறைவு.

வைவாக்ஸ் இனமோ கலத்தை நெகிழச் செய்கின்றது. சாயமேற்றினால் அக்கலத்திற் புள்ளிகள் தோன்றும். இன்று மென்சவ்வின் மாற்றங்களாக அறியப்படும் அப்புள்ளிகளை 1899 இல் விவரித்தவர் ஷூஃப்னர். அவர் சுமாத்திராவின் டெலிப் பகுதியிற் பெருந்தோட்டக் கம்பனியொன்றின் மருத்துவர். ஊவாவைப் போலவே அங்கும் கடல் கடந்து கொணரப்பட்ட கூலிகளின் உழைப்பிலேயே தோட்டங்கள் நின்றன. காய்ச்சலில் வீழ்ந்த கூலி முதலாளிக்கு நட்டம். 'தூய விஞ்ஞானம்' என்று நாம் போற்றும் இக்கண்டுபிடிப்பின் பின்னணியில் அந்தக் கணக்கும் இருந்தது.

விரல்நுனியிற் பெற்ற குருதித்துளியில் இளம் ஒட்டுண்ணிகளே பெரும்பாலும் தென்படும். பல்சிப்பாரத்தின் முதிர்ந்தவை உள்ளுறுப்புகளில் ஒட்டிக்கிடக்கும். துளியில் ஒட்டுண்ணி குறைவாயிருந்தது கொண்டு நோயும் இலேசானதே எனக் கொள்ளலாகாது. காலனித்துவகாலக் குருதிப் பரிசோதனைப் பதிவுகளை அளவுகோலாகக் கொள்வோர் பலர் இதனைக் கருதியதாகத் தெரியவில்லை.

1963 இல் நாடெங்கும் 17 நோயாளரே பதிவாயினர். 1969 இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. உள்நாட்டிற் பரவிய இறுதி நோயாளர் 2012 இல் பதிவானார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.